உடைமையும் கடமையும்: எட்மண்டு பர்க்கின் சொத்துரிமைக் கொள்கை

மக்கள் வழங்கும் சொற்களுள் 'எனது' என்பதினும் எளியது பிறிதில்லை; அதனினும் வழக்கிற்கு இடமாவதும் பிறிதில்லை. மழலை பேசும் குழவி தன் விளையாட்டுப் பொருளைப் பற்றிக்கொண்டு அச்சொல்லைக் கூறுகின்றது; பேரரசுகள் எல்லை நிலத்தைக் குறித்து அதனையே கூறிப் போர் விளைக்கின்றன. ஒருவன் ஒரு பொருளைத் தனது என்று கூறுதற்கு ஆதாரம் யாது? பிறர் அதனை ஏன் ஒப்புக்கொள்ள வேண்டும்? அரசு அதனைப் பறிக்குமாயின் எக்காரணம் பற்றிப் பறிக்கலாம்? அரசியல் நூல் பயில்வார் அனைவரும் ஒரு காலத்தன்றி ஒரு காலத்து எதிர்ப்பட வேண்டிய வினாக்கள் இவை.

இவற்றிற்கு மேனாட்டறிஞர் கூறிய விடைகள் பல. ஒருவன் தன் உடலுழைப்பைக் கலந்து பண்படுத்திய பொருள் அவனுக்கே உரியதாகும் என்றார் ஜான் லாக். சட்டமே உடைமையைத் தோற்றுவிக்கின்றது. சட்டம் நீங்கின் உடைமையும் நீங்கும் என்றார் பெந்தாம். இவ்விரண்டினும் வேறாய விடையொன்றும் உண்டு. நெடுங்காலம் இடையூறின்றி ஆண்டு அநுபவித்து வருதலே உரிமைக்கு உறுதியான சான்று என்பதும், அங்ஙனம் வரும் உடைமை முன்னோரிடத்துப் பெற்றுப் பின்னோரிடத்து ஒப்படைக்கவேண்டிய பொறுப்பு என்பதும் அவ்விடையின் சாரம். இதனைப் பழமை பேணும் அரசியற் கொள்கை என்னலாம். இக்கொள்கை செல்வர்க்கு அரணாய் அமைந்தது மட்டுமோ, அன்றிச் செல்வரையும் கட்டுப்படுத்தும் அறமாய் அமைந்ததோ என்பதே ஈண்டு ஆராயப் புகுந்த பொருள். அதற்குச் சிறந்த உரைகல்லாவார் எட்மண்டு பர்க் என்பார்.

பண்டையோர் கருத்து

பர்க்கின் கொள்கையை ஆராயுமுன் அதற்கு வேராயுள்ள பழைய வாதமொன்றை நோக்குதல் வேண்டும். கிரேக்க ஞானியாகிய பிளாட்டோ, தாம் வகுத்த இலட்சிய நகரத்தின் காவலர்க்குத் தனியுடைமை கூடாதென விதித்தார். 'எனது' என்னும் எண்ணம் எழுந்தவிடத்துக் காவலர் ஓநாய்களாவர் என்பது அவர் அச்சம். அவர்தம் மாணாக்கராகிய அரிஸ்டாட்டில் இதனை மறுத்தார். பலர்க்கும் பொதுவாய பொருளை ஒருவரும் கருத்துடன் பேணார் என்பதும், கையில் ஒன்றும் இல்லாதவன் ஈகையென்னும் அறத்தைப் பயிலுதல் இயலாது என்பதும் அவர் காட்டிய நியாயங்கள். ஆதலின் உடைமை தனியாகவும் அதன் பயன் பொதுவாகவும் இருத்தல் நன்று என்று அவர் முடித்தார். திருவள்ளுவனார் ஈகைக்கு முன்னர் ஒப்புரவறிதல் என ஓரதிகாரம் வகுத்ததனை நினைவார்க்கு இக்கருத்து அயலதாகத் தோன்றாது. உடைமையைக் காத்தல், பயனைப் பகிர்தல் என்னும் இரண்டு கூறுகளும் அரிஸ்டாட்டிலிடத்து இணைந்தே நின்றன என்பதை நினைவிற் கொள்க. பிற்காலத்தார் பலர் முதற்கூற்றை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டாவதை மறந்தனர்.

பர்க்கும் பிரெஞ்சுப் புரட்சியும்

எட்மண்டு பர்க் 1729-ஆம் ஆண்டு அயர்லாந்து தேசத்து டப்ளின் நகரிற் பிறந்தவர். 1765-ஆம் ஆண்டின் இறுதியிற் பார்லிமெண்டு அங்கத்தினரானார், 1794 வரை அதில் இருந்தார், 1797-இல் மறைந்தார். அவர் விக் கட்சியைச் சார்ந்தவர் என்பதும், 'கன்ஸர்வேடிவ்' என்னும் கட்சிப்பெயர் அவர் மறைந்து முப்பது ஆண்டுகளுக்குப் பின்னரே வழக்கில் வந்தது என்பதும் அறியத்தக்கன. எனினும் அக்கட்சியாரும், அவரோடு ஒத்த கருத்துடைய பிற நாட்டாரும் அவரையே தம் ஆசானாகக் கொண்டனர்.

1789-இல் பிரெஞ்சு தேசத்துக் கருவூலம் வறண்டு கிடந்தது. கடன் கொடுத்தோர் நெருக்கினர். வரிச்சுமையோ ஏழைகள்மேல் மிகுந்திருந்தது. அந்நிலையில் ஓட்டன் நகரத்து அத்தியட்சராகிய டாலிராண்டு என்பாரே திருச்சபையின் சொத்துக்களை நாட்டின் தேவைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று தேசிய சபையில் யோசனை கூறினார். அவ்வாண்டு நவம்பர் 2-ஆம் நாள், அச்சொத்துக்கள் அனைத்தும் நாட்டின் வசத்தில் உள்ளன எனச் சபை தீர்மானித்தது. குருமார்க்குச் சம்பளம் கொடுப்பதும் ஏழைகளைப் பேணுவதும் இனி அரசின் கடமை என்றும் அத்தீர்மானம் கூறிற்று. அந்நிலங்களை ஈடாகக் காட்டி டிசம்பர் மாதத்தில் 40 கோடி லிவர் பெறுமான 'அஸிஞா' என்னும் கடன் தாள்களை வெளியிட முடிவாயிற்று. அடுத்த ஆண்டில் அத்தாள்கள் நாணயமாகவே செல்லுபடியாயின.

1790 நவம்பரில் பர்க் தம் புகழ்பெற்ற நூலை வெளியிட்டார். பிரெஞ்சுப் புரட்சியைப் பற்றிய சிந்தனைகள் என்பது அதன் பொருள். அதில் அவர் சொத்துப் பறிமுதலை மறுத்துக் கூறிய காரணங்களைச் சுருக்கிக் கூறுவாம்.

முதலாவது, நெடுங்கால அநுபோக பாத்தியம். பல தலைமுறையாக ஒரு நிலத்தை ஆண்டு வருவோரிடம் முதற்பத்திரம் எங்கே என்று கேட்டல் தகாது. காலமே அவர்க்குப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டது என்பது அவர் கருத்து. பிழையான வழியில் தொடங்கிய ஆட்சிகளும் நெடுங்காலம் நிலைத்து மக்களால் ஏற்கப்பட்டபின் முறையான ஆட்சிகளாகின்றன என அவர் இதனை அரசுரிமைக்கும் விரித்துரைத்தார்.

இரண்டாவது, தலைமுறைகளின் தொடர்பு. சமுதாயம் என்பது இன்று வாழ்வார் மட்டும் செய்துகொண்ட உடன்படிக்கை அன்று. இறந்தாரும் இருப்பாரும் இனிப் பிறப்பாரும் கூடிய கூட்டுறவு. இன்றுள்ளோர் அதன் முழு உடைமையாளர் அல்லர், குடியிருப்போரே ஆவர். குடியிருக்க வந்தவன் வீட்டை இடித்து விறகாக்கிக் குளிர்காய்தல் முறையன்று.

மூன்றாவது, அதிகாரத்திற்கு வரம்பு. குற்றம் சாட்டாது, விசாரணை செய்யாது, ஒரு வகுப்பார் அனைவரின் சொத்தையும் சபையின் வாக்குக் கணக்கால் எடுத்துக்கொள்ள இயலுமாயின், அவ்வாறு எடுக்கப்படாத சொத்து எதுவும் இராது. எட்டாம் ஹென்றி அரசன் 1536 முதல் 1540 வரை இங்கிலாந்தின் மடங்களைக் கலைத்துப் பொருளைக் கவர்ந்தபோதும், அவற்றின்மேற் குற்றம் கண்டுபிடிக்க விசாரணைக்காரரை அனுப்பினான். அக்கொடியவனுக்கு இருந்த நாணமும் பாரிஸ் நகரத்துச் சபைக்கு இல்லையே என்று பர்க் இடித்துரைத்தார்.

நான்காவது, கடன் தாள்களின் கேடு. நிலம் என்னும் நிலைத்த பொருள் தாளாக மாறிக் கைமாறத் தொடங்கினால் நாடு முழுதும் சூதாட்டக் களமாகும் என்று அவர் எச்சரித்தார். இது பிழைபடவில்லை. 1796-இல் அத்தாளின் மதிப்பு அதன்மேல் எழுதிய தொகையில் நூற்றிலொரு பங்கினும் தாழ்ந்தது; அச்சடிக்கும் தகடுகள் பாரிஸ் நகரில் பலர் காண உடைக்கப்பட்டன. நிலங்களைப் பெரும்பாலும் நகரத்துச் செல்வரும் வசதியுள்ள குடியானவரும் வாங்கிக்கொண்டனர். நிலமற்ற ஏழைக்குக் கிடைத்தது சிறிதே.

மறுப்பும் விடையும்

பர்க்கின் நூலுக்கு மறுப்புக்கள் உடனே எழுந்தன. அம்மாதத்திலேயே மேரி உல்ஸ்டன்கிராப்ட் என்னும் அம்மையார் மறுப்பு நூல் வெளியிட்டு, அவர் காக்கும் உரிமை செல்வர்தம் உரிமையே. உழைப்பவன் உரிமை அவர் கண்ணிற் படவில்லை என்றார். 1791-இல் தாமஸ் பெயின் மறுத்தெழுதினார். இறந்தோர் வாழ்வோரைக் கல்லறையிலிருந்து ஆளுதல் கூடாது என்பது அவர் வாதம். அவரே 1797-இல் வெளியிட்ட சிறுநூலில், நிலம் இயற்கையில் மக்கள் அனைவர்க்கும் பொது. அதனைத் தனியே ஆள்வோர் சமுதாயத்திற்கு ஒரு வாடகை செலுத்தவேண்டும். அந்நிதியிலிருந்து 21 வயது நிரம்பிய ஒவ்வொருவர்க்கும் 15 பவுனும், 50 வயது கடந்தார்க்கு ஆண்டுதோறும் 10 பவுனும் அளிக்கவேண்டும் என்று கணக்கிட்டுக் காட்டினார்.

இம்மறுப்புக்களின் உள்ளே கிடக்கும் வலிய வினா ஒன்றுண்டு. காலம் கடந்தமையாற் களவு உரிமையாகுமோ? பாட்டன் பறித்தது பேரனுக்கு எவ்வாறு அறவழிப் பொருளாகும்?

பர்க் இவ்வினாவுக்கு அஞ்சி ஒதுங்கினாரல்லர். அவருக்கு அரசு அளித்த உபகாரச் சம்பளத்தைப் பெட்போர்டு கோமகன் பிரபுக்கள் சபையிற் குறைகூறியபோது, 1796-இல் ஒரு திறந்த கடிதம் வெளியிட்டார். அக்கோமகனுடைய அளவிறந்த நிலங்கள் எங்கிருந்து வந்தன என்று அதில் வினவினார். எட்டாம் ஹென்றி பிறரிடமிருந்து பறித்துத் தன் அன்பனுக்கு வாரி வழங்கியவை அவை. அவ்வாறிருந்தும் அந்நிலங்களை இன்று பறித்தல் தகாது. நெடுங்கால அநுபோகம் அவற்றைக் காக்கின்றது என்றே பர்க் கூறினார். பாரிஸ் நகரத்தார் கொள்கை இங்கிலாந்துக்கு வருமாயின் அக்கோமகனே முதற்கண் அழிவார் என்றும் எச்சரித்தார்.

இவ்விடையில் உள்ள நியாயத்தை ஓர்தல் வேண்டும். பழைய கொடுமை அனைத்தையும் திருத்தப் புகின் புதிய கொடுமைகள் அதனினும் பலவாகும். இன்று வாங்கி விற்று வாழ்வோர் குற்றமற்றோர். பிரெஞ்சு தேசத்துப் பின்வரலாறே இதற்குச் சான்று. 1801-இல் நெப்போலியனோடு செய்த உடன்படிக்கையில், விற்கப்பட்ட திருச்சபை நிலங்களை வாங்கினோரைக் கலைப்பதில்லை எனப் பாப்பானவர் இசைந்தார். 1814-இல் மீண்டு வந்த பழைய அரசமரபும் அவ்விற்பனைகளை உறுதி செய்தது. பர்க் எதிர்த்த பறிமுதலாற் பிறந்த உடைமையை, அவர் போற்றிய கொள்கையே பின்னர்க் காத்தமை விந்தையன்றோ! ஆயினும் குறையொன்று நிற்கின்றது. அமைதியின் பொருட்டு ஒரு சொத்தைப் பறியாது விடுதல் வேறு. அதனைப் பெற்ற வழி நல்வழி என ஒப்புதல் வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவார் பர்க்கை அரைகுறையாகக் கற்றோராவர்.

கருநாடகத்துக் கடன் வழக்கு

பர்க் உடைமையனைத்தையும் கண்மூடிக் காத்தவரல்லர் என்பதைக் காட்டும் நிகழ்ச்சியொன்று நம் தமிழ்நாட்டைப் பற்றியதே. ஆர்க்காட்டு நவாபு முகம்மதலி வாலாஜா கிழக்கிந்தியக் கும்பினியின் உத்தியோகஸ்தரிடம் கொடிய வட்டிக்குக் கடன்பட்டார். அதற்கு ஈடாக நாட்டின் வரி வருமானத்தையே எழுதிக்கொடுத்தார். 1773-இல் கும்பினிப் படையின் துணைகொண்டு தஞ்சையைக் கவர்ந்தார். 1776-இல் சென்னைக் கவர்னர் பிகட் பிரபு, தஞ்சையைத் துளஜா மன்னர்க்கே மீட்டளித்தார். உடனே பால் பென்பீல்டு என்னும் கும்பினி ஊழியர், தஞ்சை வருமானத்தின்மீதும் வயலில் நின்ற பயிரின்மீதும் தமக்கு 2 இலட்சத்து 34 ஆயிரம் பவுன் பாத்தியம் உண்டு என்று முன்வந்தார். அவர் பெற்ற சம்பளமோ ஆண்டொன்றுக்குச் சில நூறு பவுனே. இவ்வழக்கால் மூண்ட பூசலில் பிகட் பிரபு தம் சபையாராலேயே சிறைப்பட்டு, அடுத்த ஆண்டிற் காவலில் இறந்தார்.

1784-இல் ஏற்பட்ட கட்டுப்பாட்டு மன்றம் இக்கடன்களைத் தக்கவாறு விசாரியாமலே ஏற்றது. ஆண்டுதோறும் 12 இலட்சம் வராகன் கருநாடக வருமானத்திலிருந்து கடன்காரர்க்குச் செல்லவேண்டும் என ஆயிற்று. 1785 பிப்ரவரி 28-ஆம் நாள் பர்க் பார்லிமெண்டில் இதனை எதிர்த்துப் பேசினார். அவருடைய உறவினரென வழங்கப்பட்ட வில்லியம் பர்க் தஞ்சை மன்னர்க்குப் பிரதிநிதியாய் இருந்தவர் என்பதையும் மறைத்தல் வேண்டா. எனினும் அப்பேச்சின் நியாயம் அதனாற் குன்றுவதில்லை. உண்மையிற் கொடாத பணத்திற்கு எழுதிய பத்திரம் சொத்தாகாது. குடிகளின் உழைப்பை வட்டியாய் உறிஞ்சும் உரிமை எவர்க்கும் இல்லை. விசாரணைக்கு அஞ்சும் கடன் கடனன்று என்று அவர் இடித்துரைத்தார்.

அப்பேச்சிற் போற்றத்தக்க பகுதி நம் ஏரிகளைப் பற்றியது. பர்க் இந்நாட்டைக் கண்ணாற் கண்டவரல்லர். செங்கற்பட்டுச் சீமையின் நிலப்படத்தை மேசைமேல் விரித்து, அதிற் காணும் ஏரிகளைத் தாமே எண்ணினார்; அச்சீமையொன்றிலேயே 1,100-க்கு மேற்பட்டன. கருநாடகத்திலும் தஞ்சையிலும் பெரியனவும் நடுத்தரமானவுமாகப் பதினாயிரத்துக்குக் குறையா என மதிப்பிட்டார். அவை தம் வாழ்நாள் எல்லையைக் கடந்து பிற்காலத்தார்க்கும் தந்தையராய் விளங்க விரும்பிய மன்னரும் மக்களும் அமைத்தவை என்று வியந்தார். வருமானம் முழுதும் கடன்காரர்க்குச் சென்றால் அவற்றின் கரையைக் காப்பார் யார் என்று வினவினார். இந்த ஏரிகளே அவர் கொள்கையின் உயிர்ச் சான்று எனலாம். முன்னோர் வெட்டினர், இன்றுள்ளோர் பாய்ச்சுகின்றனர், பின்னோர்க்குக் கரை உடையாது ஒப்படைக்க வேண்டும். கரையைப் பேணாது நீரை மட்டும் உரிமை கொண்டாடுவான் உடைமையாளன் ஆகான்.

பர்க் ஆதரித்துப் பேசிய தீர்மானம் அன்று தோற்றது. ஆனால் 1805-இல் பிற்காலத்து நவாபுக் கடன்களை விசாரிக்க ஏற்பட்ட ஆணையம் பல்லாண்டு ஆராய்ந்து, கேட்கப்பட்ட தொகையில் பத்தில் ஒரு பங்கினும் குறைவாகவே உண்மைக் கடன் என ஒப்பியது. பர்க்கின் ஐயம் வீணன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

கொள்கையின் குறையும் வளர்ச்சியும்

அயர்லாந்தில் உரோமன் கத்தோலிக்கர் நிலம் வாங்கவும், 31 ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகை பெறவும் சட்டம் தடுத்திருந்தது. இளமையிலேயே பர்க் அதனைக் கண்டித்தார். குறுகிய குத்தகைக்காரன் நிலத்தைத் திருத்தான் என்றும், பெரும்பாலார்க்குச் சொத்துச் சேர்க்கும் வழியை அடைக்கும் சட்டம் சட்டமாகாது என்றும் அவர் எழுதினார். இவ்வளவு கண்டவர், 1795-இல் இங்கிலாந்தில் தானியப் பஞ்சம் வந்தபோது, கூலியாட்களின் ஊதியத்தில் அரசு தலையிடுதல் கூடாது. அவர்தம் துயர்க்குத் தனியார் தருமமே மருந்து என்று எழுதியது வருந்தத்தக்கது. உடைமையுடையானுக்குக் கடமை கற்பித்தவர், உடைமையில்லானுக்கு வழியொன்றும் காட்டினாரல்லர். இதுவே அவர் கொள்கையின் பெருங்குறை.

இக்குறையை அவர் வழிவந்தோர் சிலர் உணர்ந்தனர். ஸ்காட்லாந்து அங்கத்தினராகிய நோயல் ஸ்கெல்ட்டன் 1923-இல் எழுதிய கட்டுரைகளில், வாக்குரிமையும் கல்வியும் பெற்ற தொழிலாளிக்குச் சொத்துமட்டும் இல்லாதிருத்தல் குடியாட்சியை நிலைகுலைக்கும் என்றார். மக்கள் யாவரும் உடைமை பெற்ற குடியாட்சி என்னும் குறிக்கோளை வகுத்தார். 1946-இல் ஆன்டனி ஈடன் அதனைக் கட்சியின் கொள்கையாக எடுத்துரைத்தார். 1980-ஆம் ஆண்டுச் சட்டம், நகரசபை வீடுகளிற் குடியிருந்தோர் அவற்றைக் குறைந்த விலைக்கு வாங்க உரிமை தந்தது. பத்தாண்டில் பத்து இலட்சத்திற்கு மேற்பட்ட குடும்பங்கள் வீட்டுடைமை பெற்றன. ஆயின் விற்ற வீடுகளுக்கு ஈடாகப் புதியன போதிய அளவு கட்டப்படாமையின் பின்வந்த ஏழைகள் இடர்ப்பட்டனர். பின்னோரை நினையாத விற்பனை பர்க்கின் அளவுகோலாலேயே குறையுடையதாகும்.

நம் நாட்டில் 1959-இல் இராஜாஜி சுதந்திராக் கட்சியை அமைத்தபோதும் இதனையொத்த வழக்கே எழுந்தது. கூட்டுப்பண்ணைத் திட்டத்தால் உழவன் நிலத்தை இழப்பான் என அவர் அஞ்சினார். செல்வர் தம் செல்வத்திற்குத் தருமகர்த்தாக்கள் என்னும் காந்தியடிகள் கொள்கையையும் உடன் கூறினார். நில உச்சவரம்பை வேண்டினோரோ, பல தலைமுறை உழுதவனுக்கு அநுபோக பாத்தியம் இல்லையோ என்று வினவினர். இரு திறத்தாரும் தத்தம் வழியில் நெடுங்கால உழைப்பையும் உடைமையையும் சான்றாகக் காட்டினர் என்பது நோக்கத்தக்கது. 1978-இன் 44-ஆம் திருத்தம் சொத்துரிமையை அடிப்படை உரிமைகளினின்று நீக்கி, சட்டத்தின் அதிகாரமின்றி ஒருவர் சொத்தையும் பறித்தல் கூடாது என்னும் விதியளவில் நிறுத்தியது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றாற் பெறப்படுவது யாது? ஓர் உடைமை நியாயமானதோ என ஆராய்வார் பர்க்கிடமிருந்து மூன்று வினாக்களைக் கற்றுக்கொள்ளலாம். அது காலத்தால் நிலைத்ததோ, அன்றிப் பத்திரத்தால் மட்டும் புனைந்ததோ? அதனைக் கொண்டவன் அதற்குரிய கடமையைச் செய்கின்றானோ? பின்னோர்க்கு அது குறையாது செல்லுமோ? இவற்றோடு பர்க் கேளாத நான்காம் வினாவொன்றை நாம் சேர்த்தல் வேண்டும். உடைமை இல்லாதவன் அதனைப் பெறுதற்கு வழி திறந்துள்ளதோ? பாரிஸ் நகரத்துச் சபை முன்னிரண்டு வினாக்களையும் கேளாது பறித்தது. கருநாடகத்துக் கடன்காரர் எவ்வினாவுக்கும் விடைகூற இயலாது நின்றனர். நான்கிற்கும் விடைதரும் உடைமையைக் காத்தல் அறம். ஒன்றற்கும் விடைதராத உடைமையைப் பழமையின் பெயராற் காத்தல் பழமைக்கும் இழுக்கு.

கல்வியும் ஒருவகை உடைமையே. முன்னோர் தேடிவைத்ததை நாம் பயில்கின்றோம். பின்னோர்க்குக் கொடுக்கக் கடவோம். உடைமையைப் பற்றிய வழக்கு எத்துணைப் பெரிய மன்றத்தில் நிகழினும், அதனைத் தீர்க்கும் நெறி இச்சிறிய கடமையினின்று வேறானதன்று என்பது எமது துணிபு.